பாய் அனுப்பினாக

மாரிக்கண்ணன் கம்ப்யூட்டரில், ஆர்டர் பட்டியலில் இருந்த அந்தப் பெயரைத் திரும்பத் திரும்பப் படித்தான். எத்தனை தடவை படித்தாலும் அது மாறுவதாக இல்லை. வீரலட்சுமி பேன்சி ஸ்டோர், கயத்தாறு. சரக்கு, பட்டாசு. நிலை, லோடு ஏறியது. லைசென்ஸ் நம்பர் இருக்க வேண்டிய கட்டம் மட்டும் வெறுமையாகக் கிடந்தது. வீரலட்சுமி வேறு யாருமில்லை, அவன் கூடப் பிறந்த அக்கா.

அக்காள் கடையில் வளையலும் ரிப்பனும் பென்சிலும்தான் விற்கும். கடைக்குப் பின்னால் ஒரு சுவரைத் தாண்டினால் வீடு. அதில் அவளும் புருஷன் காசிராஜனும், இப்போதுதான் ஓடிப் பழகியிருக்கிற பெண் குழந்தையும். அப்பா ஆண்டிச்சாமி தாயில்பட்டியில் பட்டாசு மருந்து கலக்கிற அறை வெடித்து, அதோடு போய்ச் சேர்ந்தபோது அவள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். பட்டாசு ஆலையை அந்தப் பக்கத்தில் ஆபீஸ் என்பார்கள். பெண் பார்க்க வந்த காசிராஜனிடம் அவள் கேட்டது ஒரே கேள்விதான்: "ஒங்க ஊருல பட்டாசு ஆபீஸ் இருக்கா?" இல்லை என்ற பிறகுதான் தலையை ஆட்டினாள். தீபாவளிக்குக் கூட அவள் வாசலில் ஒரு கம்பி மத்தாப்பு எரிந்ததில்லை.

அப்படிப்பட்டவள் பெயரில் பட்டாசு ஆர்டர் எப்படி வந்தது என்று உலகத்தில் ஒரே ஒரு ஆளுக்குத்தான் தெரியும். அந்த மகராசன் இதோ, நாற்காலியில் வேர்த்து உட்கார்ந்திருக்கிறான்.

கதை இதுதான். சிவகாசியில் அலாவுதீன் பாய்க்கு அச்சகம், சண்முகவேலுக்குப் பட்டாசுக் கம்பெனி. தொழில் வேறு வேறு. முதலாளிகள் இரண்டு பேரும் சின்ன வயசுச் சேக்காளிகள். காலண்டர் வாங்க பாயிடம் வருகிற வெளியூர் வியாபாரி, பட்டாசும் வேண்டுமென்றால் நேரே சண்முகவேலிடம் போய், "பாய் அனுப்பினாக" என்பார். அந்த ஒரு சொல் போதும். நாற்காலி வரும், டீ வரும், ஊர் எது, பேர் எது என்று ஒரு கேள்வி கிடையாது. இருபது வருஷமாக அப்படித்தான் நடக்கிறது. டீயைக் குடித்து முடித்த பிறகு, "சரி, லைசென்ஸ் காப்பிய எடுங்க" என்று சண்முகவேல் கையை நீட்டுவார். பட்டாசு விற்கிறவனிடம் லைசென்ஸ் கேட்பது சாப்பிட்டுக் கை கழுவுகிற மாதிரி ஒரு காரியம். அதனால் அதை யாரும் மாரிக்கண்ணனிடம் தனியாக எடுத்துச் சொல்லவில்லை.

இரண்டு கம்பெனிக்கும் வெப்சைட் போட்டுக் கொடுத்தது அவன்தான். எம்.சி.ஏ. படித்தவன், பாயின் அச்சகத்து மாடியில் ஏ.சி. ரூமில் வேலை. பட்டாசு சைட்டில் கணக்குத் திறக்க லைசென்ஸ் நம்பர் வேண்டும். காலண்டர் சைட்டில் யார் வேண்டுமானாலும் திறக்கலாம், காகிதம்தானே. போன ஆடி மாசம் பாய் மாடியேறி வந்தார்.

"ஏலே மாரி, நம்ம சைட்டுல உள்ள வந்த ஆளு அங்கன சண்முகவேலு சைட்டுக்குப் போனா, மறுபடியும் பேரு என்ன, பாஸ்வேர்டு என்னன்னு கேட்டு வாசல்ல நிப்பாட்டுதாம்லா? அசிங்கமா இல்ல? பாய் அனுப்பினாகன்னு அது தானா தெரிஞ்சுக்கிட வேண்டாமா?"

சொல்வது சுலபம். ஒரு சைட்டுக்குள் நுழைந்தால் அது நம் கம்ப்யூட்டரில் ஒரு துண்டுச்சீட்டை வைத்துவிட்டுப் போகும். அதற்குப் பேர் குக்கி. கோயில் வாசலில் செருப்புக்குக் கொடுக்கிற டோக்கன் மாதிரிதான். அடுத்த தடவை வரும்போது அதைக் காட்டினால் ஆளை அடையாளம் தெரியும். ஆனால் ஒரு கோயில் டோக்கன் இன்னொரு கோயிலில் செல்லாது. காலண்டர் சைட் வைத்த சீட்டைப் பட்டாசு சைட்டால் தொடக்கூட முடியாது. மாரிக்கண்ணன் அதற்கு ஒரு வழி கண்டான். காலண்டர் சைட்டின் பக்கத்தில் கண்ணுக்கே தெரியாத ஒரு புள்ளி அளவுப் படத்தை ஒட்டினான். அந்தப் படம் பட்டாசு சைட்டிலிருந்து வருகிற படம். அதைக் கொண்டுவரப் போகிற சாக்கில், 'இன்னார் இங்கே உள்ளே இருக்கிறார்' என்ற ரகசியச் சேதியும் போகும். உடனே பட்டாசு சைட் தன் பங்குக்கு ஒரு சீட்டை அந்தக் கம்ப்யூட்டரில் வைத்துவிடும். இங்கே நுழைந்தவன் அங்கேயும் நுழைந்தவன். சில பிரவுசர்கள் வெளியார் சீட்டை வாங்க மாட்டேன் என்று முரண்டு பிடித்தன. அதையும் மல்லுக்கட்டிச் சரிசெய்தான். சீட்டு ஒரு வருஷம் செல்லும்படி வைத்தான். "நம்ம ஆளுக தினமும் பாஸ்வேர்டு அடிச்சுக்கிட்டா கெடப்பாக?" என்று பாய் சொல்லியிருந்தார்.

சோதித்துப் பார்க்க ஒரு கணக்கு வேண்டுமே! அக்கா கடைப் பெயரில் காலண்டர் சைட்டில் ஒன்றைத் திறந்தான். கயத்தாறு போனபோது, அங்கே பஸ் ஸ்டாண்டுப் பக்கத்து பிரவுசிங் சென்டரில் அத்தானைப் பக்கத்தில் உட்காரவைத்துக் காட்டவும் செய்தான். "இங்கன உள்ள போனா அங்கனயும் உள்ள போயிரலாம் அத்தான்! பாத்தீகளா?" காசிராஜன் வாயைப் பிளந்து பார்த்தான். பெருமை பிடிபடவில்லை இவனுக்கு. கடவுளே, அன்றைக்கு அந்தப் பெருமையை அடக்கிக்கொண்டு ஒரு டீயைக் குடித்துவிட்டு வந்திருக்கலாம்!

போன வாரம்தான் ஓட்டை அவன் கண்ணில் பட்டது. காலண்டர்க்காரனாக நுழைந்து பட்டாசுப் பக்கம் போனால் ஆர்டர் பக்கம் மடமடவென்று திறக்கிறது, லைசென்ஸைக் கேட்பாரில்லை. ஆள் யார் என்று தெரிந்தால் போதும், உள்ளே விடலாம் என்று எழுதிவைத்திருக்கிறான். அந்த ஆள் என்ன வாங்கலாம், என்ன வாங்கக்கூடாது என்று ஒரு வரி எழுதவில்லை. உடனே கீழே இறங்கிப் பாயிடம் சொல்லியிருக்க வேண்டும். சொன்னானா? தீபாவளி சீசன் நேரத்தில் பாய் கடித்துக் குதறிவிடுவார் என்று பயந்து, அந்தப் புள்ளிப் படத்தைச் சத்தமில்லாமல் எடுத்துவிட்டான். வாசலை மூடியாச்சு, யாருக்கும் தெரியாது என்று தன்னைத் தானே தேற்றிக்கொண்டான்.

வாசலை மூடினான் சரி. ஏற்கெனவே கொடுத்த சீட்டுகள்? அவை அந்தந்தக் கம்ப்யூட்டரிலேயே கிடந்தன, ஒரு வருஷத்துக்கு. கயத்தாறு பிரவுசிங் சென்டரில் ஒன்று, வீரலட்சுமியின் பெயரைச் சுமந்துகொண்டு.

அவன் காசிராஜனுக்குப் போன் போட்டான். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. மறுபடியும் போட்டான். அக்காளிடம் போன் கிடையாது. கடைசியில் காசிராஜன் எடுத்தான். பின்னணியில் பஸ் ஹாரன் காதைப் பிளந்தது.

"மாப்ள! நானே கூப்பிடணும்னு இருந்தேன். நீ காட்டிக் குடுத்தியே அந்தச் சைட்டு, லட்டு மாதிரி வேலை செய்யுதுய்யா. ஒரு கேள்வி கேக்கல. நான் பாஸ்வேர்டு கூட அடிக்கல!"

"அத்தான், அக்காவுக்குத் தெரியுமா?"

"அவகிட்டச் சொன்னா என் தலைய எடுத்துரமாட்டாளா? பாய் கம்பெனியிலருந்து காலண்டரு வருது, அச்சு நெருக்கடி, முன்கூட்டியே அனுப்புதாகன்னு சொல்லிவச்சிருக்கேன். தீவாளி யாவாரத்துக்கு வேற ஒரு கடை பேசியிருக்கேன். நான் திருநெல்வேலில இருக்கேன், பொழுதடைய வந்து அப்படியே அங்கன மாத்திருவேன். நீ வாயத் தொறந்துராத."

"ஐயோ அத்தான், பெட்டி மேல பட்டாசுன்னு போட்டிருக்காதா?"

"போட்டிருந்தா என்ன? நம்ம ஊருப் பெட்டிதான மாப்ள எல்லாம்?" என்று சிரித்தான் அத்தான்.

மாரிக்கண்ணன் போனை வைத்தான். சிரிப்பில் நியாயம் இருந்தது, அதுதான் பயம். சிவகாசிக்காரன் எவன் பட்டாசுப் பெட்டியின் எழுத்தை நம்புகிறான்? காலண்டர், டைரி, கல்யாணக் கார்டு, எவர்சில்வர் பாத்திரம், எல்லாம் அந்தப் பழைய பெட்டியில்தான் ஊர் விட்டு ஊர் போகும். அக்காளின் சீர்ச் சாமானே ராக்கெட் படம் போட்ட பெட்டியில்தான் போனது. காலண்டர் என்று சொன்னால் அவளுக்கு அது காலண்டர்தான். பெட்டியின் மேல் விளக்கை வைப்பாள். குழந்தையை அதன் மேல் உட்காரவைத்துச் சோறூட்டுவாள்.

இப்போதும் ஒரு சின்ன ஆசை அவனுக்குள் எட்டிப் பார்த்தது. பாயிடம் சொல்லாமல் பஸ் ஏறிப் போய்ப் பெட்டிகளைத் திருப்பிவிட்டால் என்ன? பஸ் சாத்தூர் போய், அங்கே மாறி, கோவில்பட்டி போய்... தூ என்று தன்னைக் காறித் துப்பிக்கொண்டு படியில் இறங்கி ஓடினான்.

அலாவுதீன் பாய் கீழே மிஷின் பக்கத்தில் நின்று அச்சுத் தாளைக் கண்ணருகில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். ரம்ஜான் மாசம். வெயிலில் நாக்கு வறண்ட முகம். மாரிக்கண்ணன் ஒரே மூச்சில் எல்லாவற்றையும் கொட்டினான். போன வாரமே தெரியும் என்பதையும் சேர்த்துத்தான். பாய் தாளைக் கீழே வைத்தார்.

"நோன்பு வச்ச வாயால ஒன்னையத் திட்டக்கூடாதுன்னு பாக்கேன்லே," என்றார். "மேல போயி அம்புட்டுப் பேரையும் வெளிய தள்ளு. எல்லாச் சீட்டையும் செல்லாதுன்னு ஆக்கு. இப்பவே."

"சீசன் நேரம் மொதலாளி, எல்லா டீலரும் கத்துவாக."

"கத்தட்டும்! உசுரோட இருக்கவன்தான கத்துவான்?"

அவன் மேலே போய் அத்தனை சீட்டையும் செல்லாக்காசு ஆக்கிவிட்டு வருவதற்குள், பாய் சண்முகவேலிடம் போனில் பேசியிருந்தார். பேசினார் என்ன பேசினார், அந்தப் பக்கத்துச் சத்தம் தெருவுக்கே கேட்டது. தாயில்பட்டிக் குடோனிலிருந்து லாரி விடிந்ததுமே கிளம்பி, வழியெல்லாம் சரக்கு இறக்கிக்கொண்டே போகிறதாம். சைட்டில் வந்த ஆர்டர், பாய் வழியாக வந்த ஆள் என்று குடோனில் ஒருவனும் வாயைத் திறக்கவில்லையாம். டிரைவர் உக்கிரபாண்டி. மருந்துச் சரக்கு ஏற்றினால் செல்போனை அணைத்துவிடுவது அங்கே கட்டாயம். வழியில் எங்கேயும் பிடிக்க முடியாது.

"வண்டில ஏறு," என்றார் பாய்.

பாயின் மாருதி வேன் சாத்தூர் வழியாக நாலுவழிச் சாலையைப் பிடித்தது. பாய் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்து ரோட்டையே பார்த்து ஓட்டினார். திட்டியிருந்தால் கூட மாரிக்கண்ணனுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். முன்னால் போகிற ஒவ்வொரு லாரியின் முதுகையும் அவன் படித்தான். வானம் வேறு மூட்டம் போட்டிருந்தது. கோவில்பட்டி தாண்டியதும் தூறல் விழுந்தது. மழை நல்லதுதான், தீக்கு மழை எதிரிதானே என்று அவன் மனசு ஆறுதல் தேடியது. மடப்பய மனசு!

கயத்தாறுக்குப் பிரிகிற விலக்கு ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு டீக்கடை. அதற்கு வெகுதூரம் தள்ளி, மரத்தடியில் சண்முகவேல் கம்பெனி லாரி நின்றது. உக்கிரபாண்டி கிளாசைக் கையில் பிடித்து ஊதிக்கொண்டிருந்தார். வேன் நிற்பதற்கு முன்னாலேயே மாரிக்கண்ணன் குதித்துவிட்டான்.

"அண்ணே, வீரலட்சுமி ஸ்டோர் பெட்டி எங்கண்ணே?"

"அது எறக்கி அரை மணியாச்சே தம்பி. கடை வாசல்ல அடுக்கிட்டு, அந்தத் தங்கச்சிகிட்டக் கையெழுத்து வாங்கிட்டு வாறேன். ஏன், என்னாச்சு?"

"லைசென்ஸ் கேக்கலியாண்ணே நீங்க?"

"கம்பெனியில பாக்காமயா லோடு ஏத்துவாக?" என்று உக்கிரபாண்டி முழித்தார். அவரைச் சொல்லி என்ன பயன்? ஒவ்வொருவரும் முன்னால் இருக்கிறவன் பார்த்திருப்பான் என்று நம்பினார்கள். எல்லாருக்கும் முன்னால் இருந்தது மாரிக்கண்ணன் எழுதிய சைட்.

"டீய முடிச்சிட்டு லாரியத் திருப்பிக் கொண்டாப்பா, அந்தப் பெட்டிகள மறுபடி ஏத்தணும்," என்று பாய் வேனிலிருந்தே கத்திவிட்டு வண்டியைக் கிளப்பினார்.

கடை வாசலில் ஒரு பெட்டியைக் கூடக் காணவில்லை. ஈரத் தரையில் பெட்டி இழுத்த தடம் மட்டும் உள்ளே போனது. கடைக்குள்ளும் இல்லை. மாரிக்கண்ணன் இடைச்சுவர் நிலையைத் தாண்டி ஓடினான். எண்ணெய் காய்கிற வாசனை வந்தது.

சமையலறையில் வீரலட்சுமி திரி ஸ்டவ்வில் வாணலியை வைத்து வடை சுட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கு இடது கைப்பக்கம், ஸ்டவ்வுக்கு ஒரு முழம் தள்ளி, பெட்டிகள் இடுப்பு உயரத்துக்கு அடுக்கியிருந்தன. மேல் பெட்டியில் எண்ணெய்க் கிண்ணமும் தீப்பெட்டியும். கீழ் வரிசையில் ஒரு பெட்டியின் மேல் குழந்தை உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தது.

"ஏலே, நீ எப்ப வந்தே? வா, வா," என்று முகம் மலர்ந்தாள் அக்காள். "ஒங்க கம்பெனி காலண்டரு கடை வாசல்ல ஒழுகுத எடத்துல இருந்துச்சு. நனஞ்சா வீணாப் போயிருமேன்னு நான் ஒருத்தியா இழுத்துட்டு வந்தேன். வீட்டுலயே காஞ்ச எடம் இதுதான, அடுப்படி."

பாய் பின்னாலேயே வந்து, குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு வாசலைப் பார்க்க நடந்தார். முன்பின் தெரியாத ஆள் தூக்கியதில் குழந்தை வீரிட்டது.

"யாருலே இது? என்னத்துக்குப் பிள்ளையத் தூக்குதாக?"

"அடுப்ப அணைக்கா. சத்தியமா ஒண்ணும் கேக்காத. அணைச்சிரு!"

அவள் தம்பியின் முகத்தைப் பார்த்தாள். பிறகு பெட்டியைப் பார்த்தாள். அவளும் தாயில்பட்டிப் பெண்தானே, அதற்குமேல் ஒருத்தரும் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கை தானாகத் திரியை இறக்கியது. திரி இறங்கியும் நீலமாக ஒரு சுடர் சுற்றி ஓடிக்கொண்டே இருந்தது, போகமாட்டேன் என்று. வாணலியில் ஒரு வடை வெடித்து எண்ணெய் தெறித்தது. ஒரு துளி பக்கத்துப் பெட்டியின் அட்டையில் விழுந்து கறுத்துப் பரவியது. வீரலட்சுமி குனிந்து, வாயைக் குவித்து ஊதினாள். சுடர் ஆடியது, அணைந்தது. புகை ஒரு நூலாக மேலே போனது.

"அப்பா," என்றாள். தம்பியைக் கூப்பிடவில்லை, பாயையும் கூப்பிடவில்லை. அவ்வளவுதான் அவள் வாயிலிருந்து வந்தது. பிறகு வெளியே போய்க் குழந்தையைப் பாயிடமிருந்து பிடுங்கி, நெஞ்சோடு இறுக்கிக்கொண்டு எதிர்த்த வீட்டு வேப்பமரத்தடியில் உட்கார்ந்துவிட்டாள். தூறலில் நனைகிறோம் என்றுகூடத் தெரியவில்லை.

உக்கிரபாண்டி லாரியைத் திருப்பிக்கொண்டு வந்தார். மூன்று பேரும் பெட்டி பெட்டியாகத் தூக்கினார்கள். பட்டினி கிடக்கிற பாய் தலைச்சுமையாகச் சுமந்தார், மாரிக்கண்ணன் வேண்டாம் என்றபோது முறைத்தார். ஒவ்வொரு பெட்டியையும் குழந்தையைக் கிடத்துகிற மாதிரி வண்டிக்குள் கிடத்தினார்கள். லாரி கிளம்பித் தெரு முனை திரும்பிய பிறகுதான் மாரிக்கண்ணனுக்கு மூச்சே வந்தது.

அவன் அக்காள் முன்னால் போய் நின்றான்.

"யாரு பேருல வந்துச்சு?" என்று கேட்டாள் அவள்.

"ஒன் பேருலக்கா."

"என் பேர அதுல யாரு போட்டா?"

"நான்தான்." பிறகு எல்லாவற்றையும் சொன்னான். அத்தான் செய்ததை முதலில் சொன்னான், அதில் கொஞ்சம் ஒதுங்கிக்கொள்ளலாம் என்ற நப்பாசை. அவள் புருஷனைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "அந்த ஆளு வரட்டும், அது வேற கதை," என்று ஒதுக்கிவிட்டாள்.

"இப்படி ஒரு ஓட்டை இருக்குன்னு ஒனக்கு எப்பலே தெரியும்?"

இதைக் கேட்டுவிடக்கூடாதே என்றுதான் அவன் வழியெல்லாம் கும்பிட்டுக்கொண்டு வந்தான். "போன வாரம்," என்றான்.

"போன வாரம்," என்று அவள் திருப்பிச் சொன்னாள். "வேலை போயிரும்னு பேசாம இருந்தியாக்கும்."

ஆமாம் என்று அவன் தலையை ஆட்டினான்.

பொழுது அடைந்தது. பள்ளிவாசலில் பாங்கு சொல்லும் சத்தம் வந்தது. பாய் வேன் படியில் சோர்ந்து உட்கார்ந்திருந்தார். நோன்பு திறக்கக் கையில் ஒன்றும் இல்லை. அதைப் பார்த்ததும் வீரலட்சுமி எழுந்தாள். ஒரு நிமிஷம் வாசலில் தயங்கிவிட்டு உள்ளே போனாள். ஒரு சொம்பில் தண்ணீரும், கடைப் பாட்டிலிலிருந்து நாலு கடலை மிட்டாயும் கொண்டுவந்து பாயிடம் நீட்டினாள்.

"நோன்பு தொறங்க பாய். எம்புட்டுக் கஷ்டப்பட்டீக."

பாய் கண்ணை மூடி முணுமுணுத்துவிட்டு ஒரு மடக்குக் குடித்தார். உயிர் திரும்பியது. பிறகு தெருவில் நின்ற மாரிக்கண்ணனைப் பார்த்தார். அவனும் காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் தொடவில்லை.

"தம்பிக்கும் ஒரு வாய் குடும்மா," என்றார். "தப்புப் பண்ணிட்டான். இருந்தாலும் ஒன் தம்பியில்லியா?"

வீரலட்சுமி நிலைப்படியில் போய் நின்றுகொண்டாள். இடுப்பில் குழந்தை, ஒரு கை கதவில்.

"அவன் யாருன்னு எனக்குத் தெரியும் பாய்," என்றாள். "உள்ள விடலாமான்னுதான் யோசிக்கேன்."

மாரிக்கண்ணன் செருப்பைக் கழற்றவில்லை. தெருவிலேயே நின்றான்.